மலை ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்: சிஓபிடி எல்லாம் ஏன் ஜே44.9-லேயே போய் விழுகிறது?

குன்னூர்_ரெக்கார்டு

வணக்கமுங்க. கேஸ் ஷீட்டில் டாக்டர் எழுதும் நோய்ப் பெயருக்கு எண் (கோடு) போடுவது என் வேலை. பனி இறங்கினால் மூச்சுத்திணறல் அட்மிஷன் கூடும், அதோடு ரெக்கார்டு ரூம் வேலையும் கூடும். அதில் பெரும்பாலும் சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் அடைத்துப்போகும் நாட்பட்ட நுரையீரல் நோய். மாதிரிக்கு ஒரு ஷீட்டை அப்படியே தருகிறேன்: "கே/சி/ஓ சிஓபிடி. பிரெத்லெஸ்னெஸ் 3 நாள். எஸ்பிஓ2 86. நெபு, ஓ2, இன்ஜ். ஹைட்ரோகார்ட், அசித்ரோ. டிஸ்சார்ஜ் டயக்னாசிஸ்: சிஓபிடி." (கே/சி/ஓ என்றால் ஏற்கெனவே அந்த நோய் உள்ளவர், எஸ்பிஓ2 என்றால் விரலில் பார்க்கும் ரத்த ஆக்சிஜன் சதவீதம், நெபு என்றால் நெபுலைசர்.)

படுத்துக் கிடந்தது ஐந்து நாள், ஊசி மருந்து, ஆக்சிஜன் எல்லாம் போயிருக்கிறது. ஆனால் டிஸ்சார்ஜில் உள்ள ஒற்றைச் சொல்லுக்கு நான் போட முடிந்தது ஜே44.9 மட்டும். மாதக் கணக்கு எடுத்தால் எல்லா நுரையீரல் நோயாளியும் "குறிப்பிடப்படாத சிஓபிடி". மருந்தைப் பார்த்து ஜே44.1 (அக்யூட் எக்ஸாசர்பேஷன், அதாவது திடீரென முற்றிய சிஓபிடி) போடலாமா? கூடாது என்றால், ஷீட்டில் என்னென்ன சொல் இருந்தால் போடலாம்? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

கோடர்_கோத்தகிரி

முதலில் ஒரு கேள்விங்க. உங்கள் கையில் இருப்பது எந்தப் புத்தகம்? நம்ம ஊர் ஆஸ்பத்திரி ரெக்கார்டுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் நோய்க் கோடு புத்தகமான ஐசிடி-10. வீட்டில் உட்கார்ந்து அமெரிக்க சார்ட் (அங்குள்ள நோயாளிகளின் ரெக்கார்டு) போடுபவர்களுக்கு அதன் அமெரிக்கப் பதிப்பான ஐசிடி-10-சிஎம். கூகுளில் தேடினால் வருவதெல்லாம் இரண்டாவது. அதைப் பார்த்து முதலாவதுக்குப் போட்டால் அர்த்தமே மாறிவிடும்.

மூச்சுச் செயலிழப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஜே96.11 என்பது சிஎம்மில் "நாட்பட்டது, ஆக்சிஜன் குறைவுடன்". உலக நிறுவனப் புத்தகத்தில் ஐந்தாவது இலக்கம் 0 என்றால் டைப் 1 (ஆக்சிஜன் குறைந்தது), 1 என்றால் டைப் 2 (கார்பன் டை ஆக்சைடு கூடியது), 9 என்றால் வகை தெரியாதது. ஆக அதே ஜே96.11 அங்கே "நாட்பட்டது, கார்பன் டை ஆக்சைடு கூடியது". எண் ஒன்று, நோயாளி வேறு. "அக்யூட் ஆன் கிரானிக்" என்பதற்கு சிஎம்மில் ஜே96.2 என்று தனி இடம் உண்டு, உலகப் புத்தகத்தில் கிடையாது. ஸ்டேட்டஸ் ஆஸ்த்மாட்டிகஸ் (மருந்துக்கு அடங்காத கடும் ஆஸ்துமா) இதற்குத் தலைகீழ்: உலகப் புத்தகத்தில் ஜே46, சிஎம்மில் ஜே46 என்று ஒன்றே இல்லை, ஜே45-க்குள் கடைசி இலக்கமாகப் போய்விட்டது.

ஆஸ்துமாவைப் பிரிக்கும் முறையும் வேறு. உலகப் புத்தகம் அலர்ஜியா இல்லையா என்று கேட்கும்: ஜே45.0, ஜே45.1, கலந்தது ஜே45.8. சிஎம் தீவிரத்தைக் கேட்கும்: விட்டுவிட்டு வரும் லேசானது ஜே45.2, தொடர்ந்து இருக்கும் லேசானது ஜே45.3, நடுத்தரம் ஜே45.4, கடுமை ஜே45.5. டாக்டர் வெறும் "ஆஸ்துமா" என்று எழுதினால் இரண்டு புத்தகத்திலும் கடைசி அறைதான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். மருந்தைப் பார்த்து நோயை ஊகிக்கக் கூடாது. ஹைட்ரோகார்ட்டிசோன் ஆஸ்துமாவுக்கும் போகும், அலர்ஜிக்கும் போகும். டயோட்ரோபியம் இன்ஹேலர் மருந்துப் பட்டியலில் இருக்கிறது என்பதற்காக சிஓபிடி கோடு போட முடியாது. எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் "ஹைப்பர்இன்ஃப்ளேட்டட் லங்ஸ்" இருந்தாலும் அப்படித்தான். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையில் விகிதம் 0.58 என்று அச்சில் இருந்தாலும் டாக்டர் கையெழுத்தில் நோயின் பெயர் வேண்டும்.

ஜே44 குடும்பம் இரண்டு புத்தகத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்: கீழ் மூச்சுப்பாதை அக்யூட் தொற்றுடன் ஜே44.0, அக்யூட் எக்ஸாசர்பேஷனுடன் ஜே44.1, மற்றவை ஜே44.8, ஒன்றும் சொல்லாதது ஜே44.9. சிஎம்மில் 2023 அக்டோபர் 1 முதல் ஜே44.8 இரண்டாகப் பிரிந்தது: பிராங்கியோலைட்டிஸ் ஆப்லிட்டரன்ஸுக்கு ஜே44.81, மற்றதற்கு ஜே44.89. நாட்பட்ட ஆஸ்துமாட்டிக் பிராங்கைட்டிஸ் இந்த 89-க்குள் வரும்.

தொட்டபெட்டா_டாக்டர்

மருத்துவர் தரப்பிலிருந்து. "எக்ஸாசர்பேஷன்" என்று எழுதாமல் விடுவது பெரும்பாலும் சோம்பலால் அல்ல. "அட்மிட் ஆனார் என்றாலே அதுதானே" என்ற நினைப்பால். அந்த நினைப்பு கோடருக்கு எட்டாது. மூச்சுத்திணறல், இருமல், சளி ஆகியவை வழக்கத்தைவிடச் சில நாட்களுக்குள் கூடி, அதற்காகச் சிகிச்சையை மாற்ற வேண்டி வந்தால் எக்ஸாசர்பேஷன். நிலையாக இருக்கும் சிஓபிடிக்காரர் கால் எலும்பு முறிந்து அட்மிட் ஆகி, பழக்கப்பட்ட நெபுலைசரை வார்டிலும் தொடர்ந்தால் அது எக்ஸாசர்பேஷன் அல்ல. இரண்டு ஷீட்டிலும் "சிஓபிடி, நெபு" என்றே இருக்கும். அதனால்தான் மருந்தை வைத்து ஊகிக்க விடக் கூடாது என்கிறேன்.

இன்னொரு குழப்பம், தொற்றும் எக்ஸாசர்பேஷனும் ஒன்றே என்று நினைப்பது. தொற்று எக்ஸாசர்பேஷனைத் தூண்டலாம். ஆனால் நிமோனியா மேலே வந்து உட்கார்ந்ததாலேயே அடியிலிருக்கும் சிஓபிடி முற்றியது என்று ஆகாது. இரண்டும் இருந்தால் இரண்டையும் எழுத வேண்டும்.

மேட்டுப்பாளையம்_ஆடிட்

டாக்டர் சொன்னதைக் கோடாக மாற்றினால் இப்படி வரும். சிஓபிடி, நிமோனியா மட்டும்: ஜே44.0, ஜே18.9. சிஓபிடி, அக்யூட் பிராங்கைட்டிஸ், எக்ஸாசர்பேஷன் மூன்றும்: ஜே44.0, ஜே20.9, ஜே44.1. சிஎம்மில் 0-வும் 1-ம் சேர்ந்தே வரலாம், ஒன்று மற்றதை விலக்காது. எது முதலில் என்பது அட்மிஷன் எதற்காக ஆனது என்பதைப் பொறுத்தது. "ஜே44.0 எப்போதும் முதலில்" என்ற பழைய பாடத்தை இன்னும் சிலர் ஓதிக்கொண்டிருக்கிறார்கள், 2017 அக்டோபரிலேயே அந்தக் குறிப்பு மாறிவிட்டது.

விழுங்கியது நுரையீரலுக்குள் போய் வரும் ஆஸ்பிரேஷன் நிமோனியா ஜே69.0. அதற்காக ஜே44.0 போடாதீர்கள், அது வெளிப்பொருளால் வரும் நோய் என்ற கணக்கில் வேறு பிரிவு. உலகப் புத்தகத்தில் இன்ஃப்ளுயன்சாவுடன் வரும் சிஓபிடிக்கும் ஜே44.0 விலக்கு.

கேத்தி_சார்ட்ஸ்

டிஸ்சார்ஜில் "எம்ஃபிசீமா, அக்யூட் எக்ஸாசர்பேஷன் ஆஃப் சிஓபிடி" என்று இருந்தால் ஜே43.9, ஜே44.1 இரண்டும் போடலாம்தானே?

மேட்டுப்பாளையம்_ஆடிட்

சிஎம்மில் கூடாது தம்பி. எம்ஃபிசீமா சிஓபிடியின் ஒரு வகை என்பதால் ஜே43.9 மட்டும். எக்ஸாசர்பேஷன் என்று சேர்த்து எழுதியிருந்தாலும் ஜே43.9-தான். முற்றல் கணக்கில் வராமல் போவது உறுத்தத்தான் செய்யும், ஆனாலும் விதி அதுதான். ஆடிட்டில் அதிகம் அடிபடுவது இந்த ஜோடி. உலகப் புத்தகத்தில் போக்கே வேறு: நாட்பட்ட பிராங்கைட்டிஸுடன் எம்ஃபிசீமா இருந்தால் ஜே43 விலக்கிவிட்டு ஜே44-க்கு அனுப்பும். கோத்தகிரி அக்கா சொன்ன மாதிரி, புத்தகத்தின் அட்டையைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

குன்னூர்_ரெக்கார்டு

சரிங்க. அப்போ ஷீட்டில் ஒரு துண்டுச் சீட்டு குத்தி, "டாக்டர், இது அக்யூட் எக்ஸாசர்பேஷன்தானே? ஆம் என்றால் கையெழுத்து" என்று அனுப்பலாமா?

கோடர்_கோத்தகிரி

அது கேள்வி இல்லைங்க, பதிலை நீங்களே எழுதிக் கையெழுத்து வாங்குவது. ஷீட்டில் ஏற்கெனவே இருக்கும் தடயங்களை வரிசையாக எழுதுங்கள்: "வந்தபோது மூச்சு நிமிடத்துக்கு 30. அறைக்காற்றில் எஸ்பிஓ2 86. கழுத்துத் தசை இழுப்பு உண்டு. நெபு 4 மணிக்கு ஒருமுறை. ஸ்டீராய்டு ஊசி 3 நாள்." அதன் கீழே, "இந்த அட்மிஷனில் சிஓபிடியின் நிலையைக் குறிப்பிடவும்: அக்யூட் எக்ஸாசர்பேஷன் / நிலையான சிஓபிடி / வேறு / மருத்துவ ரீதியாகச் சொல்ல இயலாது". கடைசி இரண்டும் கட்டாயம் இருக்கணும். கோடு மாறினால் பில் எவ்வளவு கூடும் என்ற பேச்சே அந்தத் தாளில் வரக் கூடாது.

தொட்டபெட்டா_டாக்டர்

நியாயம்தான். ஆனால் ரவுண்ட்ஸ் முடிந்து வந்தால் மேசையில் பதினைந்து துண்டுச் சீட்டு இருந்தால் எந்த டாக்டரும் படிக்காமல் டிக் அடிப்பார். கேள்வியை டிஸ்சார்ஜுக்குப் பிறகு அனுப்புவதைவிட அட்மிஷன் ஷீட்டிலேயே கட்டம் போடுவது மேல். என் கணக்கில் நான்கு கட்டம் போதும்: என்ன நோய், இன்று எந்த நிலை, எதனால், எந்த ஆதாரத்தால். இந்த நான்காவதில்தான் மலைக்கென்று தனிச் சிக்கல் இருக்கிறது, அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

ஊட்டி 2,240 மீட்டர். மெக்சிகோ சிட்டியின் உயரமும் அதுவே. இங்கே காற்றழுத்தம் சுமார் 580 மில்லிமீட்டர் பாதரசம்; கடல் மட்டத்தில் 760. மூச்சுக்குழாயில் நீராவிக்கு 47 கழித்து 0.21 ஆல் பெருக்கினால், கடல் மட்டத்தில் உள்ளே போகும் ஆக்சிஜன் அழுத்தம் 150, ஊட்டியில் 112. கார்பன் டை ஆக்சைடு 34 என்று வைத்து, அதை 0.8 ஆல் வகுத்துக் கழித்தால் காற்றறையில் சுமார் 70. ரத்தத்தில் அதற்கும் சற்றுக் கீழே. அதாவது நோயே இல்லாத நுரையீரலுக்கு இங்கே 65 என்பது இயல்பு.

இப்போது பாடப்புத்தக வரம்புகளைப் பாருங்கள். மூச்சுச் செயலிழப்புக்கு ரத்த ஆக்சிஜன் அழுத்தம் 60-க்குக் கீழ். சமவெளியில் அது பெரிய சரிவு. ஊட்டியில் ஐந்து புள்ளிச் சரிவு. இன்னும் மோசம் பி/எஃப் விகிதம், அதாவது ரத்த ஆக்சிஜன் அழுத்தத்தை உள்ளிழுக்கும் காற்றில் உள்ள ஆக்சிஜன் பங்கால் வகுத்தது. 300-க்குக் கீழ் போனால் அக்யூட் ஹைப்பாக்சிக் செயலிழப்பு என்று சில ஆடிட் பட்டியல்களில் இருக்கிறது. அறைக்காற்றில் 62 வந்தால், 62-ஐ 0.21 ஆல் வகுக்க 295. மலையேறி வந்து உட்கார்ந்திருக்கும் நல்ல ஆரோக்கியசாலியே அந்த எண்ணுக்குள் விழுந்துவிடுவார். ஆகவே எண்ணை மட்டும் எழுதாதீர்கள். இடத்தின் உயரம், அறைக்காற்றா ஆக்சிஜனா, நோயாளிக்கு வழக்கமாக எவ்வளவு, மூச்சுத் தசைகள் சிரமப்படுகின்றனவா, கார்பன் டை ஆக்சைடும் பிஎச்சும் எவ்வளவு. இவை இல்லாமல் "ரெஸ்பிரேட்டரி ஃபெயிலியர்" என்று எழுதினால் அது நிற்காது. நிற்கவும் கூடாது.

கார்பன் டை ஆக்சைடு வேறு கதை. மலைவாசிக்கு அது இயல்பாகவே கொஞ்சம் குறைந்திருக்கும். அதனால் ஊட்டியில் 48 என்பது சமவெளி 48-ஐவிடக் கவனிக்க வேண்டிய எண். பிஎச் 7.35-க்குக் கீழ் சேர்ந்து வந்தால் அக்யூட் என்று தயங்காமல் எழுதலாம். பிஎச் சரியாக இருந்து பைகார்பனேட் ஏறியிருந்தால் நாட்பட்டது.

மேட்டுப்பாளையம்_ஆடிட்

டாக்டர் சொன்னது அமெரிக்க சார்ட்டுக்கும் பொருந்தும். டென்வர் 1,609 மீட்டர். நம்ம குன்னூர் அதைவிட மேலே, 1,850. கொலராடோ சார்ட்டில் எஸ்பிஓ2 90-ஐப் பார்த்தவுடன் செயலிழப்பா என்று டாக்டருக்கு கொயரி (விளக்கம் கேட்கும் சீட்டு) அனுப்புகிறவர்கள் ஒருதடவை யோசியுங்கள்.

கூடலூர்_நர்ஸ்

வார்டில் நடக்கிறதைச் சொல்றேனுங்க. காலை ஆறு மணிக்குக் கை ஐஸ் மாதிரி இருக்கும். அந்த விரல்ல ஆக்சிமீட்டர் மாட்டினா 82 காட்டும். கையைத் தேய்ச்சுச் சூடு பண்ணி, அலை ஒழுங்கா வந்த பிறகு பார்த்தா 89. ஆனா ஷீட்ல முதல் எண்தான் ஏறியிருக்கும். நகத்துல மருதாணி, நெயில் பாலிஷ் இருந்தா வேற விரல் பாருங்க. கருத்த தோல்ல ஆக்சிமீட்டர் இருக்கிறதைவிடக் கூடுதலாக் காட்டலாம், சந்தேகம்னா ஏபிஜி (தமனி ரத்த வாயுப் பரிசோதனை) எடுக்கச் சொல்லணும்.

ஆக்சிஜன் போட்டுட்டு எடுத்த எண்ணா, போடறதுக்கு முன்னாடியா? அதைத்தான் யாரும் எழுதறதில்லை. "ஓ2-ல 94" னா ஒரு லிட்டரா அஞ்சு லிட்டரா? நான் எழுதுறது இப்படி: "6.10, அறைக்காற்று, உட்கார்ந்து, கை சூடாக, 86; 6.25, நேசல் 2 லிட்டர், 91". அப்புறம், கீழேயிருந்து ரெஃபர் பண்ணும்போது எந்த ஊர்ல எடுத்ததுன்னு போடுங்க. கூடலூர் ஆயிரம் மீட்டர் சொச்சம், ஊட்டி அதுக்கு ரெண்டு பங்கு. வேன்ல ஏறிப் போனதுலேயே மூணு நாலு புள்ளி இறங்கும். அது நோய் முத்துனதா, மலை ஏறுனதா?

ஊது_ஊது

ஸ்பைரோமெட்ரி பக்கம் யாரும் பேசலையே, நான் ஆரம்பிக்கிறேன். சிஓபிடின்னு உறுதியா எழுதணும்னா மருந்து கொடுத்த பிறகு எடுத்த எஃப்இவி1/எஃப்விசி (முதல் நொடியில ஊதின காத்துக்கும் மொத்தமா ஊதின காத்துக்கும் உள்ள விகிதம்) 0.70-க்குக் கீழ வரணும். "மருந்துக்குப் பிறகு" அப்படிங்கிற சொல் ரிப்போர்ட்ல இல்லைன்னா அந்தத் தாளுக்கு மதிப்பு பாதி.

சால்பியூட்டமால் 400 மைக்ரோகிராம், அதாவது 100 மைக்ரோகிராம் பஃப் நாலு, ஸ்பேசர் வழியா, ஒவ்வொண்ணாத் தனித்தனியா. பதினஞ்சு நிமிஷம் காத்திருக்கணும். வரிசை நீளமா இருக்குன்னு அஞ்சு நிமிஷத்துல ஊத வெச்சா, திறக்க வேண்டிய குழாய் திறக்காம ஆஸ்துமாக்காரர் சிஓபிடி ஆயிடுவார். நல்ல ஊதல் மூணு வேணும், அதுல பெரிய ரெண்டுக்கும் வித்தியாசம் 150 மில்லிக்குள்ள இருக்கணும். எட்டுத் தடவைக்கு மேல ஊத வைக்காதீங்க, தலை சுத்தும். வயசானவங்க பாதியில நிறுத்திடுவாங்க. அப்போ எஃப்விசி குறைஞ்சு விகிதம் கூடி, அடைப்பே இல்லாத மாதிரி வந்துடும். தட்டையா முடியற வரைக்கும் "ஊதுங்க ஊதுங்க"தான்.

மலைச் சிக்கல் வெப்பம். மெஷின் அறை வெப்பத்தை வெச்சுத்தான் உடம்பு வெப்பத்துக்கு மாத்தும். 25 டிகிரின்னா பெருக்கல் எண் 1.075, 20-ன்னா 1.102. கீழ் ஊர்ல செட் பண்ணின 25 அப்படியே இருந்து, அறையில நிஜமா 20 இருந்தா அளவு ரெண்டரை சதவீதம் குறைஞ்சு வரும். எஃப்இவி1, எஃப்விசி ரெண்டுலயும் ஒரே அளவு குறையறதால விகிதம் மாறாது, நோய் இருக்கா இல்லையாங்கிறது தப்பாது. ஆனா ப்ரெடிக்டட் சதவீதம் (அவருக்கு இருக்க வேண்டிய அளவுல எத்தனை சதவீதம்ங்கிறது) மாறும். 50-ஐ ஒட்டி இருக்கிறவர் தீவிரக் கிரேடு 2-ல இருந்து 3-க்குப் போயிடுவார். மூணு லிட்டர் சிரிஞ்சை வெச்சு தினமும் காலிபரேஷன், 2.91-க்கும் 3.09-க்கும் நடுவுல வரணும். சிரிஞ்சை அதே அறையில வையுங்க. ஸ்டோர் ரூம் குளிர்ல இருந்து எடுத்துட்டு வந்து உடனே தள்ளினா அதுவும் தப்புத்தான்.

இருக்க வேண்டிய அளவைக் கணக்குப் போட்டது எந்தச் சமன்பாடுன்னும் ரிப்போர்ட்ல இருக்கணும். ஜிஎல்ஐ 2012 சமன்பாட்டுல தெற்காசியாக்காரருக்குன்னு தனிப் பிரிவே கிடையாது. ஒரு மெஷின்ல "மற்றவை", இன்னொண்ணுல "காக்கேசியன்" போட்டிருப்பாங்க. போன வருஷ ரிப்போர்ட்டோட ஒப்பிடறப்ப நோயாளி மோசமானாரா, சமன்பாடு மாறிச்சான்னு தெரியாம நிக்கணும்.

கோடர்_கோத்தகிரி

ஊது அண்ணா சொன்ன கிரேடு ஒன்றும் கோடை மாற்றாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிரேடு 1 ஆனாலும் 4 ஆனாலும் ஜே44.9-தான். தீவிரம் தெரிய வேண்டுமானால் கூட வருபவற்றை விடாமல் போடணும். வீட்டில் ஆக்சிஜன் வைத்திருந்தால் சிஎம்மில் இசட்99.81. நாட்பட்ட செயலிழப்பு ஜே96.1. நுரையீரல் நோயால் வந்த பல்மனரி ஹைப்பர்டென்ஷன் சிஎம்மில் ஐ27.23, கார் பல்மனேல் (நுரையீரல் நோயால் இதய வலப்பக்கப் பாதிப்பு) ஐ27.81. ரத்தம் கெட்டியாகி ஹீமோகுளோபின் ஏறியிருந்து டாக்டர் செகண்டரி பாலிசைத்தீமியா என்று எழுதினால் டி75.1. ஸ்டீராய்டு இன்ஹேலர் நெடுநாள் என்றால் இசட்79.51, மாத்திரை என்றால் இசட்79.52.

இசட்99.81 இருக்கிறதென்று ஜே96.1-ஐ நீங்களே ஊகிக்காதீர்கள். ஆக்சிஜன் எதற்கு என்று டாக்டர் எழுதணும்.

தொட்டபெட்டா_டாக்டர்

வீட்டு ஆக்சிஜனுக்கான வரம்பையும் சொல்லிவிடுகிறேன், எழுத்தில் வராமல் போவதால். ஓய்வில், நோய் நிலையாக இருக்கும்போது, ரத்த ஆக்சிஜன் அழுத்தம் 55 அல்லது எஸ்பிஓ2 88, அல்லது அதற்கும் கீழ். மூன்று வாரத்துக்குள் இரண்டு முறை உறுதி செய்தது. 55-க்கும் 60-க்கும் இடையில் என்றால் இதய வலப்பக்கச் செயலிழப்போ, ஹீமட்டோகிரிட் 55-க்கு மேலோ, பல்மனரி ஹைப்பர்டென்ஷனோ இருக்க வேண்டும். நாளுக்கு 15 மணி நேரத்துக்குக் குறையாமல். எக்ஸாசர்பேஷன் நடுவில் எடுத்த எண்ணை வைத்து ஆயுளுக்கும் சிலிண்டர் எழுதுவது தவறு. வீட்டுக்குப் போன பின் மறுபடி பார்த்து, தேவையா என்று பதிய வேண்டும்.

குன்னூர்_ரெக்கார்டு

"எதனால்" என்ற கட்டத்துக்கு என்ன எழுதுவது? இங்கே பாதிப் பெண்களுக்கு பீடியும் இல்லை, சிகரெட்டும் இல்லை. எஸ்டேட் லயன் வீட்டில் விறகு அடுப்பு, குளிருக்குக் கணப்பு, ஜன்னல் சாத்தியே இருக்கும். ஷீட்டில் "நான் ஸ்மோக்கர்" என்று மட்டும் இருக்கிறது.

தொட்டபெட்டா_டாக்டர்

"நான் ஸ்மோக்கர்" என்பது பாதிப் பதில். எத்தனை வருடம், நாளுக்கு எத்தனை மணி, விறகா கரியா, புகைபோக்கி உண்டா, கேஸ் எப்போது வந்தது என்று எழுதுங்கள். புகைபோக்கி இல்லாத சமையலறையில் இருபது வருடம் என்பது மருத்துவ ரீதியாகப் புகைப்பழக்கத்துக்குச் சற்றும் குறையாத தகவல்.

கோடர்_கோத்தகிரி

கோடு: உலகப் புத்தகத்தில் காற்று மாசுக்கு ஆட்படுதல் இசட்58.1, வேலையிடத் தூசு இசட்57.2. சிஎம்மில் காற்று மாசு இசட்77.110, வேலையிடத் தூசுக்கு அதே இசட்57.2. அடுத்தவர் விடும் புகை சிஎம்மில் இசட்77.22.

புகையிலையில் சொல் ரொம்ப முக்கியம். சிஎம்மில் "ஸ்மோக்கர்" என்றால் அகரவரிசை நேராக எஃப்17.2-க்கு, அதாவது நிக்கோட்டின் சார்புக்கு அனுப்பும். "புகையிலை உபயோகம்" என்றால் இசட்72.0. விட்டவர் இசட்87.891. பீடி, சிகரெட் எதுவானாலும் நாளுக்கு எத்தனை, எத்தனை வருடம், விட்ட வருடம் மூன்றும் வேணும். சிகரெட்டுக்கு பேக்-இயர் கணக்கு: நாள் எண்ணிக்கையை 20 ஆல் வகுத்து வருடத்தால் பெருக்கு. பீடியை அந்தக் கணக்கில் கலக்காமல் எண்ணிக்கையாகவே விடுவது நல்லது.

மேட்டுப்பாளையம்_ஆடிட்

அமெரிக்க சார்ட் போடுபவர்களுக்கு இரண்டு சொல். "ஹிஸ்டரி ஆஃப் சிஓபிடி" என்றால் அங்கே முடிந்துபோன நோய் என்று பொருள். நம்ம ஊர் பழக்கத்தில் "எச்/ஓ" என்பது இப்போதும் இருப்பதற்கும் எழுதுகிறோம். இங்கே படித்துவிட்டு அங்கே கோடு போடுகிறவர்கள் இதில் சறுக்குவார்கள். அடுத்து, வெளிநோயாளி சார்ட்டில் "ப்ராபபிள் சிஓபிடி", "ரூல் அவுட் ஐஎல்டி" (நுரையீரல் திசு நோயா என்று பார்க்கவும்) கோடு ஆகாது. அறிகுறிதான்: மூச்சிரைப்பு ஆர்06.02, நாட்பட்ட இருமல் ஆர்05.3. உள்நோயாளியில் டிஸ்சார்ஜ் நேரத்தில் "ப்ராபபிள்" என்று நின்றால் இருப்பதாகவே போடலாம். விதி இரண்டும் எதிரெதிர், கலக்காதீர்கள்.

நோய்களை வைத்து அமெரிக்கக் காப்பீட்டுத் தொகையைக் கணக்கிடும் எச்சிசி வேலையில், அதன் வி28 பதிப்பில் சிஓபிடி 280, இடியோபதிக் பல்மனரி ஃபைப்ரோசிஸ் 278, கடுமையான தொடர் ஆஸ்துமா 279, மூச்சுச் செயலிழப்பு 213. ஒவ்வொரு காலண்டர் வருடமும் நேர் சந்திப்பில் மறுபடி பதிந்திருக்கணும், கவனித்த அடையாளமும் இருக்கணும். நோய்ப் பட்டியலில் வெறும் பெயர் நின்றால் போதாது. "மூச்சிரைப்பு அப்படியே, டயோட்ரோபியம் தொடரவும்" என்று ஒரு வரி இருந்தாலே உயிர் வந்துவிடும். எக்ஸ்ரே, சிடி ரிப்போர்ட்டை மட்டும் வைத்து அங்கே எடுக்கக் கூடாது.

கேத்தி_சார்ட்ஸ்

பழைய டிபி வந்து போனவருக்கு பிராங்கியெக்டேசிஸ் (மூச்சுக்குழாய் நிரந்தரமாக விரிந்துபோவது). டிபிக்கான ஏ15 போடலாமா?

கோடர்_கோத்தகிரி

இப்போது டிபி கிருமி இல்லை, வடு மட்டும் என்றால் ஏ15 கூடவே கூடாது. முதலில் இப்போதுள்ள நோய்: உலகப் புத்தகத்தில் ஜே47, சிஎம்மில் ஜே47.9, முற்றினால் ஜே47.1, கீழ்த் தொற்றுடன் ஜே47.0. அடுத்து டிபியின் பின்விளைவு பி90.9. வடுவும் இல்லை, மருந்து முடித்துக் குணமானவர் என்றால் பி90.9-ம் கிடையாது, சிஎம்மில் இசட்86.11 மட்டும். ஷீட்டில் "ஓல்ட் பிடி" (பழைய நுரையீரல் டிபி) என்று இருந்தால் இந்த மூன்றில் எது என்று சாமிக்குத்தான் தெரியும். "மருந்து முடித்த வருடம், இப்போது சளிப் பரிசோதனை நெகட்டிவ், வலது மேல்பகுதியில் டிபிக்குப் பின்வந்த பிராங்கியெக்டேசிஸ்" என்று டாக்டர் எழுதினால் வேலை முடிந்தது.

கோவிட் வடுவும் இப்படித்தான். ஃபைப்ரோசிஸ் சிஎம்மில் ஜே84.10, பிறகு கோவிட் பின்விளைவுக்கு யு09.9.

கூடலூர்_நர்ஸ்

காளான் கொட்டகையில வேலை பார்க்கிறவங்களுக்கு இருமல், சாயங்காலம் காய்ச்சல்னு வர்றாங்க. லீவு விட்டா சரியாகுது. அதுக்கு ஏதாவது தனியா இருக்கா?

தொட்டபெட்டா_டாக்டர்

இருக்கிறது, ஜே67.5. கம்போஸ்ட் உரத்தில் வளரும் நுண்ணுயிர்களின் துகளால் வரும் ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நிமோனைட்டிஸ். புறா, கோழி வளர்ப்பவருக்கு ஜே67.2, பூசணம் பிடித்த வைக்கோலால் வருவது ஜே67.0. நீங்கள் சொன்ன அந்த "லீவு விட்டால் சரியாகிறது" என்பதுதான் ஷீட்டில் வர வேண்டிய வரி. வேலைக்குப் போய் எத்தனை மணி நேரத்தில் தொடங்குகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் பொருளின் பெயரோடு மருத்துவர் நோயை எழுதாமல் காளான் கொட்டகை என்பதை மட்டும் பார்த்து ஜே67.5 போட முடியாது.

இறப்புச் சான்று பற்றியும் ஒன்று. படிவம் 4-இல் முதல் வரியில் "கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்" என்று எழுதி மற்றதைக் காலியாக விடுவது வழக்கமாகிவிட்டது. அது இறந்த விதம், காரணம் அல்ல. பகுதி 1-இல் அ: அக்யூட் ஹைப்பர்கேப்னிக் மூச்சுச் செயலிழப்பு, 2 நாள், ஆ: சிஓபிடி அக்யூட் எக்ஸாசர்பேஷன், 5 நாள், இ: சிஓபிடி, 12 வருடம். பகுதி 2-இல் டைப் 2 நீரிழிவு. சுருக்கெழுத்து வேண்டாம், விரித்து எழுதுங்கள். காலக் கட்டத்தைக் காலியாக விட்டால் எது எதைத் தொடர்ந்து வந்தது என்று கோடருக்குத் தெரியாது. எழுபது வயது பீடிப் பழக்கக்காரருக்கு, ஸ்பைரோமெட்ரியே பார்க்காமல் "பிராங்கியல் ஆஸ்துமா" என்று எழுதினால் அவர் ஜே45-இல் போய்ச் சேர்வார். ஊரில் சிஓபிடியே இல்லை என்று கணக்கு வரும்.

குன்னூர்_ரெக்கார்டு

எல்லாவற்றையும் சேர்த்து அட்மிஷன் ஷீட்டுக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்பு அளவில் கட்டம் அடித்துப் பார்த்தேன். சரியா பாருங்கள்:

"நோய்: சிஓபிடி / எம்ஃபிசீமா / ஆஸ்துமா (வகை) / பிராங்கியெக்டேசிஸ் / ஐஎல்டி (வகை). நிலை: நிலையானது / எக்ஸாசர்பேஷன் / கீழ்த் தொற்று (எது). செயலிழப்பு: இல்லை / அக்யூட் / நாட்பட்டது / இரண்டும், டைப் 1 / 2. காரணம்: பீடி-சிகரெட் (நாளுக்கு, வருடம்), விறகுப்புகை (மணி, வருடம்), வேலைத் தூசு, பழைய டிபி (மருந்து முடிந்த வருடம்). எஸ்பிஓ2: அறைக்காற்றில் __, __ லிட்டரில் __, வழக்கமாக __. ஸ்பைரோமெட்ரி தேதி, மருந்துக்குப் பின் விகிதம், எஃப்இவி1 சதவீதம். இடம்: குன்னூர், 1,850 மீட்டர்."

கூடலூர்_நர்ஸ்

மணி போட ஒரு கட்டம் விட்டுப்போச்சுங்க. அப்புறம் ரெஃபர் ஆகி வந்தவருக்குக் கீழ் ஊர் எண்ணும் ஒண்ணு.

ஊது_ஊது

எஃப்இவி1 பக்கத்துல சமன்பாட்டுப் பேருக்கு நாலு எழுத்து இடம் விடுங்க. இடம் பத்தலைன்னா கிரேடுக்குன்னு எதுவும் சேர்க்காதீங்க, சதவீதம் இருந்தாப் போதும்.

கோடர்_கோத்தகிரி

"செயலிழப்பு" கட்டத்தில் "சொல்ல இயலாது" என்று ஒன்று சேர்த்துவிட்டு ஸ்டாம்பு செய்யக் கொடுங்கள். ஐந்தாவது இலக்கம் உலகப் புத்தகப்படி என்று ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டுவையுங்கள். நாளைக்கு அந்த நாற்காலியில் சிஎம் பழகினவர் யாராவது வந்து உட்காருவார்.